மீன் போட்ட கிண்ணத்தில் எதுவும் கொடுக்காதே

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. அத்தானிடம்கூட வேண்டாம், அவர் நல்லவர்தான், ஆனால் கோபம் வந்தால் உடனே அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவார், பிறகு அடி எனக்குத்தான் விழும். நீயும் அத்தானும் பாப்பாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா உனக்கு எழுதுவதில் இங்கே எல்லாரும் நலம் என்று வழக்கம்போல முதல் வரி இருக்கும். அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை, பட்டறையில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், என் கைப்பேசியை அப்பா பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். இதுதான் நலம். கைப்பேசி இல்லாததால்தான் கடிதம். உன் முகவரி எனக்கு மனப்பாடம், பார்சல் மேலே எழுதுவது நான்தானே. என் பக்கத்து பெஞ்சுக்காரி தபாலில் போட்டுவிடுவாள்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாப்பாவின் பிறந்தநாளுக்கு அப்பா அனுப்பிய மீன் போட்ட கிண்ணத்தில் அவளுக்கு இனி எதுவும் கொடுக்காதே. நன்றாகக் கழுவிவிட்டுக் கொடுக்கலாமா என்று யோசிக்காதே, பேசாமல் குப்பையில் போடு. சாப்பிட்டு முடித்தால்தான் அடியில் மஞ்சள் மீன் தெரியும், அதற்காகவே பிள்ளைகள் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிடுவார்கள் என்பது அப்பாவின் யோசனை. நல்ல யோசனைதான், நன்றாக விற்கிறது. பாப்பாவும் மீனைச் சுரண்டுகிறாள் என்று நீ எழுதியதை அப்பா பட்டறையில் எல்லாரிடமும் சத்தமாகப் படித்துக் காட்டினார். நான் மீன் அச்சடிக்கும் ஸ்டென்சில் தகட்டைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் சீன எழுத்து படிக்கிறேன் என்று உனக்குத் தெரியும், நீகூடச் சிரித்தாய். இணையத்தில் மொழி படிப்பவர்கள் கூடும் ஒரு மன்றம் இருக்கிறது. நாம், நாங்கள் என்று நமக்கு இரண்டு இருப்பதுபோல வேறு எந்த மொழியில் இருக்கிறது, தட்டையான பொருளை எண்ண ஒரு சொல்லும் நீளமானதை எண்ண ஒரு சொல்லும் எதற்கு என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், யாராவது சலிக்காமல் பதில் சொல்வார்கள். அங்கே ஒழுங்கு அதிகம். உதவுங்கள் என்று மட்டும் தலைப்புப் போட்டால் திட்டு விழும். எழுத்தைப் படித்துச் சொல்லச் சொன்னால் முதலில் நீ எவ்வளவு படித்தாய் என்று காட்ட வேண்டும். படத்தை வெட்டாமல் முழுதாகப் போட வேண்டும். ஒருவர் பதில் சொல்லிவிட்டால் பிறகு கேள்வியை அழிக்க முடியாது.

சீன எழுத்து போட்ட புது பெயின்ட் டின் வந்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டு, படிச்சுச் சொல்லுடி பார்ப்போம் என்றார். எல்லார் முன்னாலும் கேட்டதில் எனக்குப் பெருமை. உணவு என்று இருக்கிறதுப்பா, மூன்று பெட்டி அடுக்கினாற்போல ஒரு எழுத்தும் சேர்ந்திருக்கிறது, மற்றது தெரியாது என்றேன். மற்றது தெரியாது என்று சொன்னதை அப்பா காதில் வாங்கவே இல்லை. உணவுன்னு டின்னுலயே போட்டிருக்கான், என் பொண்ணே படிச்சுட்டா என்று நம் கிண்ணங்களை வாங்கி விற்கிற பாத்திரக்கடைக்காரரிடம் அப்போதே சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. டின்னைப் படம் எடுத்து மன்றத்தில் போட்டேன், வெட்டாமல், முழுதாக. பின்னாலிருந்த ரேக்கும், கிண்ணப் பெட்டியில் அச்சடித்த நம் பட்டறைப் பெயரும் அதில் விழுந்திருந்தன.

அங்கே கோணல்பேனா என்று ஒருவர் உண்டு, முகம் தெரியாது. உணவுன்னு சரியாத்தான் படிச்சிருக்கேம்மா, ஆனா முதல் எழுத்துல ரெண்டு மரம் நிக்குது பாரு, அது கூடாதுன்னு அர்த்தம், உணவுப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு, இந்த டின்னை எங்க பார்த்தே என்று எழுதினார். நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். காய்ஞ்சா எல்லா பெயின்டும் ஒண்ணுதான், போய் வேலையைப் பாரு என்றார். அவ்வளவுதான் அக்கா. அன்றைக்கும் பெட்டிகள் வண்டியில் ஏறின. பாப்பாவின் மீனும் அதே பெயின்ட்தான்.

இப்போது அந்தப் படம் சுற்றிச் சுற்றிப் பாத்திரக்கடைக்காரர் கைக்கே வந்துவிட்டது. அவர் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகும் வீட்டில், அந்தக் கிண்ணத்தில் சாப்பிடுகிற எந்தப் பிள்ளையைப் பற்றியும் ஒரு பேச்சில்லை. உன்னை யாருடி அங்க போய்க் கேக்கச் சொன்னா, சோறு போடற தொழில்ல மண்ணள்ளிப் போட்டுட்டியே என்று அம்மா. நாங்க மானத்தோட பிழைக்கிறோம் என்று அப்பா. அந்த நாங்களில் நான் இல்லை என்று புரிந்தது. அக்கா வீட்டுக் கிண்ணம் என்று வாயைத் திறந்தேன், அவ பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, மாப்பிள்ளை காதுக்குப் போச்சுன்னா உன் காலை ஒடிச்சுடுவேன் என்றார். தெரிந்துதான் சொல்கிறார் அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாளைக் காலையில் கைப்பேசியைக் கையில் கொடுத்து அப்பா பக்கத்திலேயே நிற்பார். படம் வேறு எங்கேயோ எடுத்தது, விளையாட்டுக்குப் போட்டேன் என்று நான் மன்றத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பள்ளிக்கூடம் வேண்டாம், ரேக்கில் கிண்ணம் அடுக்கு என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்வார். எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் அவர் சொன்னபடியே எழுதிவிடுவேன். ஆனால் அதற்குக் கீழே டின்னில் இருந்த அந்த எட்டு எழுத்தையும் போடுவேன். என்னடி இது என்று கேட்டால், கடைசியில் இப்படிப் போடுவது மன்றத்து வழக்கம் என்பேன். அப்பாவுக்கு அது வெறும் கிறுக்கல். கோணல்பேனா படிப்பார், மற்றவர்களும் படிப்பார்கள். கடைசி எழுத்துதான் கஷ்டம், நாலு பெட்டிக்கு நடுவே நாய் என்பதைக் குறிக்கும் எழுத்தை உட்கார வைக்க வேண்டும், கைப்பேசித் திரையில் விரலால்தான் வரைய வேண்டும், அதனால் போர்வைக்குள் எழுதி எழுதிப் பார்க்கிறேன். மன்றத்தின் முகவரியை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நீயும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார். என் பொய்க்குக் கீழே எதுவும் இல்லையென்றால் என்னால் முடியவில்லை என்று புரிந்துகொள், என்னை வெறுத்துவிடாதே.

உனக்கு அங்கே குளிர் அதிகம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. பாப்பாவைச் சும்மா ஒரு தடவை டாக்டரிடம் காட்டு. எனக்குத் தனியாகப் பதில் போடாதே, அம்மா பிரித்துவிடுவாள். அப்பாவுக்கு எழுதும்போது, பாப்பா இப்போது கண்ணாடிக் கிண்ணத்தில்தான் சாப்பிடுகிறாள் என்று ஒரு வரி சேர்த்துவிடு, எனக்கு அது போதும். பாப்பாவுக்கு என் முத்தம். அவள் அந்தக் கிண்ணம் வேண்டும் என்று அழுதால் சித்திதான் வேண்டாம் என்றாள் என்று என் மேலேயே பழியைப் போடு, பரவாயில்லை. இன்னும் ஒன்று, அதே டின் பெயின்ட்டைத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற தண்ணீர்க் குவளைக்கும் உள்ளே

கதவைத் தட்டுகிறார். அப்பாதான். விளக்கு