கிளெமென்ஸ் சுரங்கத்தில் நீர் ஏறுமுன் மூவரின் உடல்களை மீட்டுத் தரக் கோரி

அனுப்புநர்:
கொர்னேலியா பிட்லிக்,
சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு, நான்காம் கட்டடம்,
பொரோவியெட்ஸ், மேல் சிலேசியா, போலந்து.

பெறுநர்:
மண்டல இயக்குநர் அவர்கள்,
ஐரோப்பிய நிலக்கரிப் பகுதிகள் மறுவாழ்வு நிதி,
கட்டோவிட்சே.

பொருள்: கிளெமென்ஸ் சுரங்கத்தில் நீரிறைப்பை நிறுத்துவதற்கு முன், அடைப்புச் சுவருக்குப் பின்னால் கிடக்கும் மூன்று தொழிலாளர்களின் உடல்களை வெளியே எடுக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இவ்வூர்ப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் மறைமாவட்டச் சமூகநீதிக் குழுவின் உறுப்பினர் என்ற முறையில் தங்கள் அலுவலகத்தின் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கு வந்திருக்கிறேன். ஆனால் இம்மனுவைக் குழுவின் சார்பில் எழுதவில்லை. சீக்ஃபிரிட் பிட்லிக்கின் மகளாக எழுதுகிறேன்.

2. நான் சிறுமியாக இருந்தபோது சுரங்கத்தின் கீழ்த்தளத்தில் மீத்தேன் தீப்பற்றியது. என் தந்தையும், யான் மோட்செக், தாமியான் கொஸ் ஆகிய இருவரும் மேலே வரவில்லை. தீ பரவாமலிருக்கப் பாதையைச் சுவரெழுப்பி அடைத்தார்கள். மற்றவர்களின் உயிரைக் காத்த சுவர் அது. அதைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. சூடு தணிந்ததும் திறப்போம் என்று அன்று வாக்குக் கொடுத்தார்கள். சூடு எப்போதோ தணிந்துவிட்டது. இடையில் நிர்வாகம் மாறியது, மறுபடியும் மாறியது, இப்போது சுரங்கத்தையே மூடுகிறார்கள்.

3. தங்கள் நிதியுதவியுடன் நடைபெறும் மூடல் திட்டத்தின்படி வரும் பிப்ரவரியில் நீரிறைக்கும் இயந்திரங்கள் நிறுத்தப்படும். கீழ்த்தளத்தில்தான் முதலில் நீர் ஏறும். அதன்பின் அந்தச் சுவரை எவராலும் அணுக முடியாது.

4. நிலக்கரியை விட்டு ஐரோப்பா விலகுவதை நான் எதிர்க்கவில்லை. இங்கே எத்தனையோ பேருடைய கரித்தூசி படிந்த நுரையீரலைப் பார்த்து வளர்ந்தவள் நான். மாற்றத்தின் சுமை தொழிலாளி மேல் விழக்கூடாது என்று ஆயர்களின் பிரதிநிதிகள் பிரஸ்ஸல்ஸில் பல ஆண்டுகள் வாதாடினார்கள். தங்கள் நிதியின் விதிகளில் முதல் பக்கத்திலேயே 'எவரையும் விட்டுவிட்டுச் செல்லோம்' என்று இருப்பதில் எங்கள் திருச்சபைக்கும் பங்குண்டு. அதை முதன்முதலில் படித்த அன்று எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

5. தவறு எங்கள் பக்கமும் நேர்ந்தது. பங்குக் கோவில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் மூன்று குடும்பத்துப் பெண்களும், உடல்களை எடுத்துத் தாருங்கள் என்றே கேட்டார்கள். குழுவின் செயலர் அருட்தந்தை கெரார்ட் பூலா நல்லவர். அலுவலகங்களின் மொழியில் நெடுங்காலம் பழகியவர். 'உடல்' என்ற சொல் கோப்பில் எந்தத் தலைப்பின் கீழும் சேராது என்று எண்ணி, 'இறந்த தொழிலாளர்களின் நினைவு மதிக்கப்பட வேண்டும்' என்று எழுதி அனுப்பினார். தங்கள் அலுவலகம் அதை நன்றியுடன் ஏற்றுக்கொண்டது. தொழிலாளர்கள் கீழே இறங்குமுன் விளக்கு வாங்கிச் சென்ற பழைய விளக்கறை நினைவு மையமாக மாற்றப்பட்டது.

யானின் மனைவி துரூடா மோட்செக் திறப்பு விழாவில் அருட்தந்தையிடம் சொன்னது இது:

"சாமி, நான் எலும்புன்னு சொன்னேன். நீங்க நினைவுன்னு எழுதிட்டீங்க. நினைவு என்கிட்ட வேண்டிய மட்டும் இருக்கு. உங்களுக்குக் கொஞ்சம் வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க."

 பின்னர் அருட்தந்தை தாமே திருத்தக் கடிதம் ஒன்று அனுப்பினார். கருத்துக் கேட்புக் காலம் முடிந்துவிட்டதாகப் பதில் வந்தது.

6. அந்த நினைவு மையத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால், சிக்கிக்கொண்ட தொழிலாளி குழாயில் தட்டும் ஓசை கேட்கும். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று அழுத்துகிறார்கள். என் மாணவர்களை நானே அழைத்துச் செல்லும்படி ஆயிற்று. வெளியே பேருந்தருகில் நின்றுகொண்டேன். அதை அமைத்தவர்களுக்குத் தீய எண்ணம் இருந்திராது. ஆனால் இவ்வூரில் குழாயில் தட்டும் ஓசை என்றால், அந்தப் பக்கம் உயிரோடு ஒருவர் இருக்கிறார் என்று பொருள். பேசக் கற்கும் வயதிலேயே இதையும் கற்றுக்கொள்கிறோம்.

7. என் தாய் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வீட்டில் கணப்பு போடுவதில்லை. அறைகளைச் சூடாக்கும் வெந்நீர் ஏறும்போது கணப்புக் குழாய்கள் விரிந்து தட்டும். எல்லா வீடுகளிலும் தட்டுவதுதான். விபத்துக்குப் பின் வந்த முதல் குளிர்காலத்தில் அவர் குறடால் திருப்பித் தட்டினார். தட்டிவிட்டு, காதைக் குழாயோடு வைத்துக் காத்திருந்தார். மேல்மாடிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் திரும்பப் படியேறிப் போய்விட்டார்கள். மறுநாளே என் தாய் எல்லா அறைகளிலும் குழாயை மூடிவிட்டார். இன்றுவரை கம்பளி மேலங்கியுடன்தான் சமைக்கிறார்.

சென்ற ஆண்டு தங்கள் நிதியின் கணக்கெடுப்பாளர் வந்தார். வீட்டின் குளிரைக் கண்டு, எரிபொருளுக்கு வழியில்லாத குடும்பம் என்று எங்களை வகைப்படுத்தி, இலவசமாகப் புதிய கணப்பு பொருத்தித் தருவதாகக் கூறினார். கனிவான இளைஞர். என் தாய் அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்குச் சூடு வேண்டாம் தம்பி. அவர மேல கொண்டு வந்து குடுங்க, நானே கணப்பு போட்டுக்கறேன்."

8. மீட்புப் படையின் முன்னாள் தலைவர் எவால்ட் குர்ஸேயா அன்று அந்தச் சுவரைக் கட்டியவர்களில் ஒருவர். சுவருக்குப் பின்னால் உள்ள காற்றின் அளவீடுகளை ஆராய்ந்து, பாதுகாப்பாகத் திறக்கலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்; அந்த அறிக்கையை இணைத்துள்ளேன். தம்முடன் இறங்கத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். அவர்கள் கேட்பது நீரிறைப்பும் காற்றோட்டமும் இன்னும் சில வாரங்கள் நிற்காமல் இருப்பது மட்டுமே. நிதி உயிருள்ள பயனாளிகளுக்கு மட்டுமே உரியது என்று தங்கள் அலுவலகம் முன்பு விளக்கியிருந்தது. அப்படியானால் பயனாளியின் இடத்தில் என் தாயின் பெயரை எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அவர் உயிருடன் இருக்கிறார்.

9. நேற்று முன்தினம் கல்லறைத் திருநாள். ஊரெல்லாம் கல்லறைகளில் விளக்கேற்றினார்கள். எங்களுக்குக் கல்லறை இல்லாததால் சுரங்க வாயிலின் கம்பிவேலி ஓரமாக மூன்று விளக்குகள் வைத்தோம். தீ அபாயம் என்று காவலர் அணைத்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் அணைத்தார். அவர் மீதும் எங்களுக்குக் குறையில்லை.

ஆகவே, உடல்கள் மீட்கப்படும் வரை நீரிறைப்பைத் தொடர உத்தரவிடுமாறும், அதுவரை நினைவு மையத்தின் அந்தப் பொத்தானைச் செயலிழக்கச் செய்யுமாறும் தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இவ்விரண்டும் இயலாது என்று தாங்கள் முடிவு செய்தால், மற்றொன்று கேட்கிறேன். நீர் அந்தச் சுவரை அடையும் நாளையும் நேரத்தையும் தங்கள் பொறியாளர்களால் கணிக்க முடியும். அதை முன்கூட்டியே எங்களுக்குத் தெரிவியுங்கள். என் தந்தை எந்த நேரத்தில் இறந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர் அடக்கம் செய்யப்படும் நேரத்திலாவது நாங்கள் எழுந்து நிற்க வேண்டும்.

இடம்: பொரோவியெட்ஸ்
நாள்: நவம்பர் 4

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கொர்னேலியா பிட்லிக்

இணைப்பு: திரு. எவால்ட் குர்ஸேயாவின் கையொப்பமிட்ட அறிக்கை.