ஸ்தாஜுக்குப் போன பேரன்

ரெட்டியார்பாளையம்,
புதுச்சேரி.
24-6-2007

அன்பு மகள் ஹேமலதாவுக்கு அம்மா எழுதுவது.

அப்பாவின் முழங்கால் வலியையும் என் வாயையும் தவிர இந்த வீட்டில் எல்லாம் நலம், இப்படியே எழுதச் சொன்னவர் உன் அப்பாதான். நீயும் மாப்பிள்ளையும் எழிலும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருக்கிறீர்கள் என்ற சேதி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே கத்திரி போயும் வெயில் போகவில்லை, மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்தால்தான் தையல் மிஷினில் உட்கார முடிகிறது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள், யூனிபார்ம் துணி கூடத்தில் குவிந்து கிடக்கிறது, எல்லாரும் நாளைக்கே வேண்டும் என்கிறார்கள். வில்லியனூர் தேருக்குப் போய்வந்தோம், உன் பேரிலும் எழில் பேரிலும் அர்ச்சனை செய்தேன், நட்சத்திரம் கேட்டபோது அப்பா மாற்றிச் சொல்லிவிட்டார், சாமிக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதுகொண்டே கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எழிலை அந்தக் கால்பந்து கிளப்பின் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று என் கையால் எழுதி அனுப்பச் சொன்னாய், அதை மாப்பிள்ளையிடம் காட்டுவேன், அம்மா நீ சொன்னால் அவர் தட்டமாட்டார் என்றாய். எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இங்கே நடந்த கூத்து ஒன்றை உன்னிடம் மறைத்து வைத்திருக்கிறோம், அதைப் படித்துச் சிரித்துவிட்டு மேலே படி.

பங்குனி மாதம் எழில் எங்களுக்கு ஒரு கார்டு போட்டிருந்தான் அல்லவா, அவன் எழுதுகிற தமிழே பிரெஞ்சு எழுத்தில் இருக்கும், அன்றைக்கு முக்கால்வாசி பிரெஞ்சாகவே இருந்தது. பக்கத்து வீட்டுப் பூர்ணிமா காலேஜில் படிக்கிறாளே என்று அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கிளப்பு பேர் தெரியுது, எழில் பேர் தெரியுது, நடுவுல ஸ்டேஜ்னு இருக்குது அத்தே, உங்க பேரனை ஸ்டேஜ்ல ஏத்தி மரியாதை பண்ணப் போறாங்க என்றாள். அவ்வளவுதான், அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. டீக்கடைக்குப் போய் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார், மில்லில் கூட வேலை பார்த்தவர்களை வீடு தேடிப் போய் சொன்னார். ஆட்டோ ஓட்டுகிற முருகையன் நம் தெரு இளைஞர் மன்றத்துக்குத் தலைவன், அவன் காதில் விழுந்ததும் இரண்டே நாளில் பால் பூத் முனையில் டிஜிட்டல் பேனர் ஏறிவிட்டது. பிரான்சில் மேடை ஏறும் எங்கள் மண்ணின் மைந்தன் எழிலரசனை வாழ்த்துகிறோம் என்று கொட்டை எழுத்தில் போட்டு, நீங்கள் போன தடவை வந்தபோது பீச்சில் எடுத்த படத்தில் பஞ்சு மிட்டாயோடு நிற்கிறானே, அதைப் பெரிதாக்கி நடுவில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் மன்றத்துப் பையன்கள் ஒருத்தர் விடாமல் செல்போனைக் காதில் வைத்தபடி இருக்கிறார்கள். மூலையில் அப்பா கைகூப்பிக்கொண்டு நிற்கிறார், எலக்‌ஷனில் நிற்கிறவர் மாதிரி. கிரிக்கெட்டில் நம்மவர்கள் தோற்றுத் திரும்பிய சமயம் அது, மட்டையைப் பரணில் போட்டுவிட்டுத் தெருப்பிள்ளைகள் எல்லாம் பேனருக்குக் கீழேயே பந்தை உதைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் சும்மா இருந்தேனா, கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தேன்.

பிறகு உன் மாமனார் வந்தார். ஜூலை பதினாலு பிரெஞ்சு விழாவுக்குப் பட்டாளத்து மெடல் குத்திக்கொண்டு போகிற கோட்டு இந்த வருஷம் வயிற்றில் பொத்தான் சேரவில்லை என்று, பிரித்து விட்டுத் தரச்சொல்லிக் கருவடிக்குப்பத்திலிருந்து மொபெட்டில் எடுத்துக்கொண்டு வந்தார். முனையில் பேனரைப் பார்த்துவிட்டு வண்டியை அங்கேயே நிறுத்தி, வீட்டுக்கு நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறார், சிரிக்கிறார், தண்ணீர் கொடுத்தால் புரையேறுகிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது, சொல்லிவிட்டாவது சிரியுங்கள் அண்ணே என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது ஸ்டேஜ் இல்ல சம்பந்தியம்மா, ஸ்தாஜ், பிரெஞ்சுல ஸ்தாஜ்னா மேடை கெடையாது, புள்ளைங்கள கூப்ட்டு ஒரு வாரம் அங்கயே தங்க வெச்சு ஓட வுட்டுப் பாப்பாங்க, புடிச்சா சேத்துக்குவாங்க, புடிக்கலன்னா பொட்டிய கட்டச் சொல்லிடுவாங்க, இன்னும் ஒண்ணுமே ஆவல என்றார். கேசரி கொடுத்த வீடுகளை நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். அப்பா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பேனரை அவிழ்க்கக் கிளம்பினார், முருகையன் விடவில்லை, ஏத்துனத எறக்குனா ராசி இல்ல பெரியப்பா என்று ஸ்டூலைப் பிடுங்கி அவன் வீட்டில் வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பால் வாங்க நான் பின்தெரு வழியாகச் சுற்றிப் போனேன். கார்டு என்ன ஆச்சு, மேடை என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால் அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்காமல் போய்விடும். ராத்திரி சாப்பிட்டதும் டிவியில் எந்த ஊர் கால்பந்து போட்டாலும் உட்கார்ந்துவிடுவார், பிரான்சு டீம் மாதிரி நீலச் சட்டை போட்டவன் எல்லாம் நம்ம எழிலா என்று என்னை வேறு கூப்பிட்டுக் காட்டுவார். அவன் பெரியவர்களோடு ஆட இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும் என்றால் கேட்கமாட்டார், சும்மா பார்க்கிறேன் என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை போன் செய்து, ஸ்தாஜுக்கு வந்த பிள்ளைகளில் எழிலைப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள், ஆகஸ்டில் பயிற்சிப் பள்ளி ஹாஸ்டலில் சேரவேண்டும் என்று சொன்னார். உன் அப்பா செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினார் ஹேமா, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. மில் கதவு மூடிய நாளிலிருந்து அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. முருகையன் பட்டாசு வெடித்தான், அதோடு நிற்காமல் தப்பைத் திருத்துகிறேன் பேர்வழி என்று, கிளப்பு அகாடமியில் சேரும் என்று ஒரு வெள்ளைப் பேப்பரில் எழுதிக் கொண்டுவந்து பேனரில் ஒட்டினான். மேடை ஏறும் என்பதன் மேல் ஒட்டவேண்டியதை, ஏணி எட்டவில்லை என்று கீழே ஒட்டிவிட்டான், எழிலின் இரண்டு காலும் மறைந்துபோயிற்று. பந்து விளையாடப் போகிறவனுக்குக் காலையே காணோம், பஞ்சு மிட்டாய் மட்டும் பத்திரமாக இருக்கிறது. உன் மாமனார் வந்து பார்த்துவிட்டு மறுபடி தண்ணீர் கேட்டார்.

இந்தச் சந்தோஷத்தில்தான் உன் போன் வந்தது. நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. பதினாலு வயசுப் பிள்ளை, ஒரே பிள்ளை, ரயிலில் மூன்று மணி நேரத் தூரம், சனி ஞாயிறு வந்தால் உண்டு, ஆட்டம் இருந்தால் அதுவும் இல்லை. காலில் அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்றாய். முக்கால்வாசிப் பிள்ளைகளை இரண்டு மூன்று வருஷத்தில் போதும் போ என்று அனுப்பிவிடுகிறார்களாம், அன்றைக்கு அவன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றாய். பெற்றவளுக்கு இது எல்லாம் தோன்றாவிட்டால்தான் தப்பு. உன் அழுகையைக் கேட்டதும் எனக்கும் பேனராவது கீனராவது என்று ஆகிவிட்டது, நீ கேட்டபடியே எழுதிவிடலாம் என்று பேப்பரை எடுத்தேன். பிள்ளை சின்னவன் என்று எழுதினேன், அடித்தேன். படிப்பு கெடும் என்று எழுதினேன், அங்கேயே பள்ளிக்கூடமும் உண்டு என்று மாப்பிள்ளை சொன்னது நினைவு வந்தது, அதையும் அடித்தேன். எனக்குப் பொருத்தமாக எழுதத் தெரியவில்லை. காரணம் எழில்தான். நீ பேசி முடித்து மூக்கைச் சிந்தப் போனபோது அவன் போனை வாங்கினான், உனக்குத் தெரியாது. ஆயா, அம்மா தூங்குறதில்ல, நான் போவலன்னா அம்மா தூங்குவாங்களா, நீங்க சொல்லுங்க, நான் போவல என்று அவனுக்கு வருகிற தமிழில் மெதுவாகச் சொன்னான். ஒரு வாரம் ஓட வைத்துப் பார்த்தார்களே, அதில் ஜெயித்து வந்த பிள்ளை, உன் தூக்கத்துக்காக அதைத் திருப்பிக் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறான் ஹேமா. கார்டு நன்றாக இருந்தது கண்ணு என்று என்னமோ சொல்லி வைத்தேன்.

அதனால் நீ கேட்ட கடிதம் இது இல்லை. அவன் போகட்டும். நீ தூங்காவிட்டாலும் பரவாயில்லை, உன்னைக் கல்யாணம் செய்து ஏரோப்ளேனில் ஏற்றிவிட்டு நானும் ஒரு வருஷம் சரியாகத் தூங்கவில்லை, அப்புறம் ஒரு நாள் தானாகத் தூக்கம் வந்துவிட்டது. அவர்கள் ஒரு நாள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், வாஸ்தவம், ஆனால் அது அவர்கள் சொல்லவேண்டிய வார்த்தை, அவர்களுக்கு முந்திக்கொண்டு நாம் ஏன் நம் பிள்ளையிடம் சொல்லவேண்டும். அப்படியே சொன்னாலும் அவன் எங்கே போவான், உன்னிடம்தானே வருவான், சோறு போடமாட்டாயா. இன்னொன்றும் சொல்கிறேன், நீ ஆத்திரத்தில் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. ஜட்டி, காலுறை உட்பட ஒவ்வொரு துணியிலும் பெயர் தைத்து அனுப்பச் சொல்கிறார்களாம், இது பள்ளிக்கூடமா ஜெயிலா என்று கேட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு காலுறை மாறிப் போகக்கூடாது என்று பார்க்கிற இடத்தில் பிள்ளையைத் தொலைத்துவிடமாட்டார்கள்.

அந்தப் பெயர்களை நானே தைத்துவிட்டேன், இந்த உறைக்குள்ளேயே கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வெள்ளை நாடாவை அப்பா அளந்து வெட்டிக் கொடுத்தார், உன் மாமனார் பிரெஞ்சு எழுத்தில் எழில் என்று எழுதிக் காட்டினார், அதைப் பார்த்துப் பார்த்துச் சிவப்பு நூலில் சங்கிலித் தையல் போட்டிருக்கிறேன். யூனிபார்ம் கேட்டு வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். முதலில் போட்டவற்றில் ஒரு எழுத்து இடம் வலமாகத் திரும்பிவிட்டது, அவற்றை ஜட்டிக்கு வைத்துக்கொள், யார் பார்க்கப் போகிறார்கள். மாப்பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், கடிதம் படிக்க வராது, நீதான் வாசித்துக் காட்டுவாய், நான் போகட்டும் என்று எழுதியதை நீ வேண்டாம் என்று வாசித்துவிடுவாய், உன்னைப் பெற்றவளுக்கு இது தெரியாதா. அதற்காகத்தான் உறையின் பின்பக்கம் கோணல்மாணலாக மூன்று பிரெஞ்சு எழுத்து எழுதியிருக்கிறேன், தபால் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே மாப்பிள்ளை பார்த்திருப்பார். ஆமாம் என்பதற்குப் பிரெஞ்சில் உய் என்று உன் மாமனார் சொல்லிக் கொடுத்தார். உய் என்றால் நம் தமிழிலும் நன்றாகப் பிழைத்திரு என்றுதானே அர்த்தம், அதனால் தயங்காமல் எழுதினேன்.

எழில் நீண்ட ஆயுளோடும் நல்ல காலோடும் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். உனக்கு ஒரு குறையும் வராது, அம்மா சொல்கிறேன். ஹாஸ்டலுக்குப் போகிற அன்றைக்கு ரயிலடியில் அழுதுவிடாதே, வீட்டுக்கு வந்து அழு, எனக்குப் போன் போடு, சேர்ந்தே அழலாம். அப்பா ஒரு படம் கேட்கிறார், கிளப்புச் சட்டையில், கால் தெரிகிற மாதிரி, முருகையனுக்குக் கொடுக்கவேண்டுமாம்.

மறக்காமல் ஒன்று செய். பெயர்களை வேறு யாரிடமும் கொடுக்காமல் நீயே உட்கார்ந்து தை, எல்லாம் தைத்து முடிவதற்குள் மனசு கொஞ்சம் ஆறிவிடும். ஆனால் மிஷினில் ஓட்டி நாலு பக்கமும் இறுக்கிவிடாதே ஹேமா. கைத்தையலாக இரண்டு முனையில் மட்டும் லேசாகப் பிடித்துத் தை. வளர்கிற பிள்ளை, சட்டை சீக்கிரம் சின்னதாகிவிடும், அப்போது பெயரைப் பிரித்து அடுத்த சட்டையில் வைத்துக்கொள்ளலாம்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
சுலோசனா