ஒரு டம்ளர் பச்சைச் சாறு

ஜூன் 3

என் செல்லச் சின்னவளுக்கு,

கீரைப் பேச்சை எடுத்ததுமே போனை வைத்துவிட்டாய். அப்புறம் எடுக்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் உன் அத்தானுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கிறது. சட்டை பட்டாலே தோல் எரிகிறதாம். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். "ஒருத்தியையே சமாளிக்க முடியல, இப்ப ரெண்டு பேர் நிக்கிறீங்களே" என்று கிண்டல் வேறு. சிரித்துவிட்டு வராண்டாவில் போய் அழுதேன்.

நத்தைப் புழுவோ என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். எலியிடமிருந்து நத்தைக்கு வருமாம். பச்சை இலையோடு பொடி நத்தை ஒன்று உள்ளே போனாலே போதும், புழு மூளைவரை போய்விடுமாம். நீ அனுப்பும் கீரையைத்தான் இவர் தினமும் பச்சையாக அரைத்துக் குடித்தார். "மருந்தே அடிக்கல, கழுவக்கூட வேணாம்" என்று நீ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். உன் பாத்தியில் நத்தை உண்டா, இல்லையா? அதை மட்டும் எழுது.

உன் அக்கா

ஜூன் 8

அக்காவுக்கு,

அத்தானை நினைத்துப் பதறிப்போய்க் கிடக்கிறேன். நீயோ பழியைத் தூக்கி என் தலையில் போடுகிறாய். இது வெளியே தெரிந்தால் என் கீரையை யார் வாங்குவார்கள்? நேற்று வேலை செய்யும் பெண்கள் முன்னாலேயே அதே பாத்தியில் பறித்து, கழுவாமல் அரைத்து, ஒரு டம்ளர் மடக்மடக்கென்று குடித்தேன். "பாருங்க, கல்லு மாதிரி நிக்கிறேன்" என்றேன். இதை உன் டாக்டரிடம் போய்ச் சொல்.

தங்கை

ஜூன் 13

அடிப் பாவி,

நத்தை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டால், குடித்தா காட்டுவாய்? சின்ன வயசிலிருந்தே உனக்கு இந்த வீம்பு! முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்த்தார்கள். நத்தைப் புழுதான். அத்தான் தப்பிவிட்டார். இன்று கண் தெளிந்து, "இப்ப ஒருத்திதான்" என்றார்.

புழு உடனே காட்டாதாம், வாரக்கணக்கில் ஆகுமாம். இப்போதே டாக்டரிடம் போ. சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். எனக்குத் தங்கை வேண்டும்.

அக்கா

ஜூன் 24

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே பாத்தி ஓரத்து ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஓடில்லாத பொடி நத்தைகள் அப்பிக் கிடந்தன. கீரை வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. எனக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

இன்று கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லியிருக்கிறேன். அது வருவதற்குள் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 'எனக்குத் தங்கை வேண்டும்' என்பது இரண்டு வரியாக இருக்கிறது. நீ ஒரு தடவைதானே எழுதினாய், அக்கா?