என் பெயரில் எழுதிய சீட்டு

நேற்றுக் காலை மருமகளின் மருத்துவக் கோப்புக்கு ஒரு பிளாஸ்டிக் உறை தேடினேன். பழைய உறை ஒன்றுக்குள் அந்தச் சீட்டு இருந்தது. மந்தாரக்குப்பத்துச் சின்ன ஆஸ்பத்திரிச் சீட்டு. என் பெயர், என் வயது, என் ரத்த வகை ஓ பாசிட்டிவ். இரண்டு மாதக் கரு கலைந்ததால் கருப்பை சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதியிருக்கிறது. எனக்கு அப்படி ஒன்று நடக்கவே இல்லை. நடந்தது உனக்கு.

பல வருடங்களுக்கு முன் ஒரு மதியம், நம் பள்ளி ஸ்டாஃப் ரூமில் நீ ரத்தப்போக்கோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கல்யாணமாகி எட்டு மாதம். நாள் தள்ளிப்போனதை வீட்டில் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"மூணு மாசம் போவட்டும்னு இருந்தேன்க்கா. இப்பத் தெரிஞ்சா, வண்டியில போய்க்கினு வந்துக்கினு கலைச்சிட்டான்னு மாமியார் வேலைய விடச் சொல்லிடுவாங்க."

நம் சுரங்க நகரியத்துக்குள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் மந்தாரக்குப்பம். அங்கேயும் உன் பெயரைச் சொல்லப் பயந்தாய். "என் பேர எழுதிக்கலாம். ரெண்டு பிள்ளை பெத்தவ, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று யோசனை சொன்னது நான்தான். நர்ஸ் ரத்த வகை கேட்டபோது என் பள்ளி அடையாள அட்டையை நீட்டினேன். பத்தாம் வகுப்புக்கு ரத்த வகைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் நான். உன் ரத்தம் வேறாக இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

அடுத்த வருடம் மறுபடி உண்டானாய். இந்த முறை மாமியாரே டாக்டரிடம் கூட்டிப்போனார். மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தாய்.

"நான் நெகட்டிவாம்க்கா. அவரு பாசிட்டிவ். முதல் பிள்ளைன்னா பெருசா பயமில்லையாம்."

"முதல்னு நீ சொன்னியா?"

"மாமியார் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க."

மாணவர்களுக்குச் சொல்வதைப் போல உனக்கும் ஓர் உதாரணம் சொன்னேன். சுரங்க வாசல் காவலாளி முதல் தடவை அசந்து ஓர் அந்நியனை உள்ளே விட்டுவிடுவார். ஆனால் முகம் பதிந்துவிடும். அடுத்த தடவை விட மாட்டார். நெகட்டிவ் தாயின் ரத்தமும் அப்படித்தான், பாசிட்டிவ் பிள்ளையை அந்நியனாகப் பார்க்கும்.

"என் பிள்ளை முகம் அந்தக் காவலாளிக்கு எப்படிக்கா தெரியும்?"

"ஒரு தடவ வந்துட்டுப் போயிருக்கே."

உன் சிரிப்பு நின்றது. கலைந்த மூன்று நாளுக்குள் ஓர் ஊசி போட்டிருந்தால் அந்த முகம் பதியாமலே போயிருக்கும். நான் நீட்டிய அட்டையைப் பார்த்தவர்கள் எதற்கு ஊசி போடுவார்கள்?

"டாக்டர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம்க்கா. இப்பத்தான் பாத்துப் பாத்துச் சோறு போடறாங்க. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

செய்தேன். சத்தியத்தைக் காப்பாற்றுவது நல்ல குணம் என்று நினைத்தேன்.

ஏழாம் மாதம் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. இறந்து பிறந்த குழந்தையின் உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. வந்தவர்களிடமெல்லாம் உன் மாமியார் சொன்னார்: "பொண்ணு பாக்கப் போனப்பவே ரத்தம் சரியில்லைன்னு சொல்லியிருக்க வேணாமா?" நான் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் இரண்டு தடவை உண்டானாய். இரண்டும் தங்கவில்லை. வேலை மட்டும் தங்கியது, ஓய்வு பெறும்வரை.

நீ போய்ச் சேர்ந்து பத்து மாதமாகிறது. உன்மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை. சத்தியம் கேட்டவள் நீ. கொடுத்தவள் நான். என்மேல் உள்ள கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இப்போது உண்டாகியிருக்கும் என் மருமகளும் நெகட்டிவ்தான். நேற்று டாக்டர் அவளிடம் கேட்டார்: "இதுக்கு முன்னாடி ஏதாவது கலைஞ்சிருக்காம்மா?" அவள் என்னைப் பார்த்தாள். நீயும் அன்று உன் மாமியாரை இப்படித்தான் பார்த்திருப்பாய்.

"நான் வெளியில இருக்கேன்மா" என்று எழுந்து வந்து கதவைச் சாத்தினேன். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

சீட்டைக் கிழிக்கக் கை வரவில்லை. உன் முதல் பிள்ளை வந்துபோனதற்கு வேறு காகிதம் கிடையாது. இருக்கிற ஒன்றிலும் நீ இல்லை. நான்தான் இருக்கிறேன்.