வெட்டி ஒட்டிய கார்

மார்ச் 6

வாண்டின் அப்பாவுக்கு,

நானும் வாண்டும் நலம். கார்தான் நலமில்லை.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எதுவானாலும் கடிதத்தில் என்று நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு நல்லதாகப் போயிற்று. இதைப் போனில் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், நீங்கள் "சிக்னல் சரியில்ல" என்று வைத்திருப்பீர்கள்.

கார் இடது பக்கமாக இழுக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். டயரில் காற்று குறைவாக இருக்கும் என்று பதில் போட்டீர்கள். காற்று அடித்தேன். பிறகு டயரையே மாற்றினேன். புது டயரும் ஒரு பக்கமாகவே தேய்ந்தது. நேற்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் போய், கறுப்புப் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, இது ஒரு கார் இல்ல. ரெண்டு கார்."

எங்கேயோ மோதி முகம் நொறுங்கிப்போன ஒரு காரின் பின்பாதி, வேறு ஒரு காரின் முன்பாதி. இரண்டையும் டிரைவர் சீட்டுக்கு அடியில் வெல்டிங் வைத்து ஒட்டி, மேலே பூசியிருக்கிறார்கள். அந்த ஒட்டுக்கு மேல் உட்கார்ந்துதான் நான் தினமும் வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைகால் அசைக்கப் பயிற்சி கொடுத்துவிட்டு வருகிறேன். பின்சீட்டில் வாண்டு. "சும்மா ஓட்டினா ஓடும். எங்கயாவது பலமா இடிச்சா ரெண்டா வந்துடும்" என்றார் மெக்கானிக். அதை அங்கேயே விட்டுவிட்டு, பயிற்சிச் சாமான்கள் இருக்கும் இரண்டு பைகளையும் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்தேன்.

நமக்குக் காரை விற்ற பல்லழகரிடம் போனேன். (வாண்டு வைத்த பெயர்தான். அவர் சிரிக்கும்போது கடைவாய்ப் பல்வரை தெரிகிறது.) அன்றைக்கு நாம் போட்ட கையெழுத்தைக் காட்டினார். அதற்கு மேலே, 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்' என்று ஒரு வரி. நாம் படிக்கவே இல்லை. ஆனால் நுகர்வோர் உதவி மையத்தில் இருக்கும் பெண் வேறு மாதிரி சொல்கிறார்: "தெரிஞ்ச குறைய மறைச்சு வித்தா, அந்த ஒத்த வரி அவரக் காப்பாத்தாது. நீங்க தைரியமா புகார் குடுங்க."

கார் இரண்டு பேர் பேரிலும் இருப்பதால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதோடு, விற்றவர் அன்று என்ன சொன்னார் என்று இருவரும் தனித்தனியாக எழுதித் தர வேண்டும். புகார்த் தாள் இத்துடன் இருக்கிறது.

அடுத்த மாதம் வருவதாக நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். வாண்டு காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டுவிட்டாள். சென்ற மாதம் போட்ட வட்டத்தை அவளே ரப்பர் வைத்து அழித்ததில் அந்த இடம் கிழிந்திருக்கிறது.

இப்படிக்கு,
வாண்டின் அம்மா

---

மார்ச் 12

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது போதும். லிஃப்ட் பொருத்துகிறவன் நான், ஊரில் உள்ள இயந்திரத்துக்கெல்லாம் நாடி பார்க்கிறவன், ஒரு காரின் அடியில் குனிந்து பார்க்காமல் வாங்கியிருக்கிறேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னை லிஃப்ட்டில் ஏற்றவே யோசிப்பார்கள்.

ஒட்டுப் போட்டு ஓடுவது அந்தக் கார் மட்டுமா என்றுகூட நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நீ சிரிக்க மாட்டாய், தெரியும்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நுகர்வோர் மன்றம், விசாரணை என்று அலைந்தால் உன் வேலை கெடும். வேறு கடையில் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டு நல்ல காராக மாற்றிக்கொள்ளலாமே? ஒட்டு இருக்கிறதா என்று கேட்டால் சொல்லலாம். கேட்காதவர்களிடம் நாமாகச் சொல்வானேன்?

தனியாக எழுதித் தர வேண்டியதை இன்னும் எழுதவில்லை. நீ எழுதியதை அனுப்பு. அதையே நானும் எழுதிவிடுகிறேன். ஒரு வரி முன்னே பின்னே இருக்காது.

கட்டடத்தில் எட்டாவது மாடி வரை லிஃப்ட் ஏறிவிட்டது. அடுத்த மாதம் கட்டாயம் வந்துவிடுவேன். வாண்டுவிடம் சொல்.

என்றும் உன்,
லிஃப்ட்காரன்

---

மார்ச் 19

வாண்டின் அப்பாவுக்கு,

நான் டாக்டர் இல்லை. அந்தப் பட்டத்தை நானே போட்டுக்கொள்ளாதபோது நீங்கள் எனக்குப் போடாதீர்கள்.

வேறு கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைக்காரர் அதை யாருக்கு விற்பார்? அதன் பின்சீட்டில் யார் வீட்டுப் பிள்ளை உட்காரும்? இரண்டு நாள் உங்கள் கடிதத்தைத் தொடவே பிடிக்கவில்லை.

அதற்குள், மையம் அனுப்பிய நோட்டீசுக்குப் பல்லழகரிடமிருந்து பதில் வந்துவிட்டது. மையத்தில் படித்துக் காட்டினார்கள். வண்டி அடிபட்டது என்பதை அவர் உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். தெரிந்துதான் வாங்கினோமாம்.

இது உண்மையா? ஆம், இல்லை என்று முதலில் ஒரு வார்த்தை எழுதுங்கள். மீதியை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

வாண்டின் அம்மா

---

மார்ச் 25

அன்புள்ளவளுக்கு,

ஆம்.

அன்று நாம் எந்த நிலையில் அந்தக் கடைக்குப் போனோம் என்று நினைத்துப் பார். இந்த ஊர் வேலைக்கு நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்பது முந்தின நாள்தான் உனக்குத் தெரிந்தது. அதுவும் அடுத்தவர் வாயால். நான் இல்லாதபோது நீ வேலைக்குப் போய்வர வேண்டுமே என்றுதான் கார் வாங்கக் கிளம்பினோம். பஸ்ஸில் நீ முன்னால், நான் பின்னால். கடையிலும் நீ அலுவலக அறைக்குள், நான் வெளியே வண்டிகளுக்கு நடுவில். பல்லழகர்தான் இரண்டு பேருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். "கலர் பிடிச்சிருக்கான்னு அந்தம்மாகிட்ட கேளுங்க" என்று நான்கூடச் சொன்னேன்.

அப்போதுதான் பானெட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "சார், ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன். முன்னாடி பம்பர்ல லேசா ஒரு இடி. மாத்திட்டோம். அவ்ளோதான்." எனக்கு அந்த மனுஷன்மேல் மரியாதைகூட வந்தது. உன்னிடம் சொல்லலாம் என்று வந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதாகவே போயிற்று.

கவலைப்படாதே. அவர் சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். சாட்சி கிடையாது. "அவர் என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை" என்று எழுதிவிடுகிறேன். அவர் நம் காதில் பூச்சுற்றினார். பதிலுக்கு நாம் ஒரு முழம் சுற்றினால் தப்பில்லை. நீ ஜெயிக்க வேண்டும், எனக்கு அதுதான் வேண்டும்.

அடுத்த மாதம் வருகிறேன். நேரில் பேசலாம்.

உன்,
லிஃப்ட்காரன்

---

மார்ச் 31

வாண்டின் அப்பாவுக்கு,

வேண்டாம்.

எனக்காகப் பொய் எழுதாதீர்கள். இத்தனை வருடமும் எனக்காக என்றுதான் ஒவ்வொன்றையும் பூசி மெழுகினீர்கள். நான் வருத்தப்படக் கூடாது, வீட்டில் சத்தம் வரக் கூடாது, அன்றைய பொழுது நல்லபடியாகப் போக வேண்டும். அந்தக் காருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தவனும் வாங்குகிறவர்கள் மனம் நோகக் கூடாது என்றுதான் அடித்திருப்பான். உங்களோடு சண்டை போட எனக்கு அலுப்பே வந்ததில்லை. எது உறுதியான இடம், எது பூசிய இடம் என்று தெரியாமல் கால் வைப்பதுதான் அலுத்துவிட்டது. நீங்கள் அந்த ஊருக்குப் போனதற்காக நான் இப்படிக் கசந்துபோகவில்லை. அடுத்தவர் வாயால் கேட்டதற்காகத்தான்.

நான் எழுதப்போவதையும் சொல்லிவிடுகிறேன். அறைக்குள் பல்லழகர் தாளை நீட்டியபோது, "எல்லா விவரமும் சார்கிட்ட சொல்லிட்டேன்மா" என்றார். என்ன விவரம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால், பிறகு வெளியே வந்து உங்களிடம் பேச வேண்டி வருமே! "சரி" என்று கையெழுத்துப் போட்டேன். வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டியையும் அவரால் இவ்வளவு சுலபமாக ஏமாற்றியிருக்க முடியாது. பாதியை உங்களிடம் சொன்னார், எல்லாம் சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னார். இதை அப்படியே எழுதுகிறேன். இதனால் தோற்றால் தோற்கிறேன். பைகளைச் சுமந்து பஸ்ஸில் போகத் தோளில் தெம்பு இருக்கிறது.

நீங்கள் எழுதுவதை எனக்கு அனுப்ப வேண்டாம். நேராக மன்றத்துக்கு அனுப்புங்கள். நான் பார்த்துத் திருத்துவேன் என்ற நினைப்பு இல்லாமல் எழுதுங்கள்.

வாண்டு காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா நிஜமா எப்பம்மா வருவாங்க?" என்று கேட்டாள். உங்களையே கேட்டு எழுதுவதாகச் சொன்னேன்.

வாண்டின் அம்மா

---

ஏப்ரல் 9

அன்புள்ளவளுக்கு,

மன்றத்துக்கு அனுப்பிவிட்டேன். பம்பரில் லேசான இடி என்று அவர் சொன்னது, அதை நான் உன்னிடம் சொல்லாதது, சொல்லாததற்குக் காரணம், எல்லாவற்றையும் எழுதினேன். காரணத்தை எழுதத்தான் வெகுநேரம் ஆயிற்று. முன்பின் தெரியாத அதிகாரி ஒருவர் நம் சண்டையைப் படிக்கப்போகிறார் என்பது கூச்சமாக இருந்தது. இதனால் நீ தோற்றுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. பயமில்லை என்று எழுதத்தான் கை வந்தது, எழுதவில்லை.

வாண்டுவின் கேள்விக்குப் பதில். இந்த மாதம் என்னால் வர முடியாது. அடுத்த மாதமும் முடியாது. வேலை முடிவதற்குள் போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் அவளுக்குப் பெரிய விடுமுறை விடும்போதுதான் இந்தக் கட்டடம் முடியும். இது எனக்கு இங்கே வந்த முதல் வாரமே தெரியும்.

இதை எழுதிவிட்டு, கடைசியில் ஏதாவது நல்லதாகச் சொல்லலாம் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. உங்கள் இருவரையும் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

உன்,
லிஃப்ட்காரன்

---

மே 28

அன்புள்ளவளுக்கு,

என் கடிதம் வந்ததா? வாண்டு மிகவும் அழுதாளா? திட்டியாவது நாலு வரி எழுது. இங்கே தபால்காரர் என்னைக் கண்டாலே "இல்ல சார்" என்று கையை ஆட்டிக்கொண்டு போகிறார்.

லிஃப்ட்காரன்

---

ஜூலை 4

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

இத்தனை நாள் பதில் போடாதது தப்புதான். கோபம் இருந்தது. அதைவிட, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'அடுத்த மாதம் வருகிறேன்' என்பதற்குப் பதில் எழுதிப் பழகிய கைக்கு 'வர முடியாது' என்பதற்குப் பதில் எழுத வரவில்லை.

நேற்று விசாரணை. உங்களுக்கு விடுப்புக் கிடைக்காது என்பதால் நான் மட்டும் போனேன். சின்ன அறை. மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி. நம் இருவர் எழுதியதையும் சத்தமாகப் படித்தார். பஸ்ஸில் நான் முன்னால், நீங்கள் பின்னால் என்ற இடம் வந்ததும் எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. பல்லழகர் மட்டும் மகிழ்ச்சியாகப் பல்லைக் காட்டினார்.

"பாத்தீங்களா மேடம், அவரே ஒத்துக்கறாரு. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"அடிபட்ட வண்டின்னு."

"பம்பர்ல லேசான இடின்னு நீங்க சொன்னதா எழுதியிருக்காரு. அது சரியா?"

"சரிதான் மேடம். அப்படியேதான் சொன்னேன்."

அந்த அம்மாள் மெக்கானிக் எடுத்துக்கொடுத்த படத்தை அவர் பக்கம் திருப்பினார். டிரைவர் சீட்டுக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகும் ஒட்டு. "இது பம்பரா?"

பல்லழகரின் வாய் மூடி நான் பார்த்தது அப்போதுதான். "ஒண்ணுமே சொல்லலன்னு அவர் எழுதியிருந்தா, அவர் பேச்சா உங்க பேச்சான்னு நான் யோசிச்சிருப்பேன். தனக்குப் பாதகமானதையும் சேத்து எழுதியிருக்காரு. அதனால அவர் எழுதினதை நம்பறேன்" என்றார் அதிகாரி. காரைக் கடையே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், கொடுத்த விலை முழுவதும் நமக்குத் திரும்ப வரவேண்டும் என்று உத்தரவு. அதை வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்றும் எழுத வைத்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஜெயித்த அழுகை கொஞ்சம்தான். 'அவர் எழுதினதை நம்பறேன்' என்று ஒருவர் உங்களைப் பற்றிச் சொல்லி, நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதற்குத்தான் மீதி.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை வாண்டுவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். அழுதாள். பிறகு காலண்டரை எடுத்து ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டே போய், "இதுல அடுத்த வருஷம் இல்லவே இல்லியேம்மா" என்றாள். பின்அட்டையில் இருந்த வெள்ளை இடத்தில் ஒரு கார் வரைந்து, நம் மூன்று பேரையும் உள்ளே வைத்திருக்கிறாள். ஓட்டுவது நான். நீங்கள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுகிறீர்கள். சிவப்பு வட்டம் போடவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள்கூட எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்கவும் இல்லை.

நடுவில் இரண்டு நாள் விடுப்புக் கிடைத்தால் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். நாங்கள் பள்ளி விடுமுறையில் அங்கே வருகிறோம். உங்கள் லிஃப்ட்டில் கடைசி மாடிவரை போக வேண்டுமாம் அவளுக்கு.

வேறு கார் இப்போதைக்கு வாங்கவில்லை. நீங்கள் வந்தபிறகு சேர்ந்து போய்ப் பார்க்கலாம். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து, கடை வருவதற்குள் நாம் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட வேண்டும்.

காத்திருக்கும்,
உங்கள் டாக்டரம்மா