நெடுந்திடலுக்கு ஒரு வண்டி

சிறுகாவூர் – நெடுந்திடல் கிளைப்பாதை மறுதிறப்புப் பணி. ஆண்டு 2097.
எழுதுவது: இருதயமேரி, பாதைப் பொறியாளர்.

வைகாசி 2, காலை 5.10

வெப்பம் 39. காற்று இல்லை. நேற்றுச் சீரமைத்த பாதையைச் சோதித்தேன். அகலம் சரி, மட்டம் சரி. முன்னால் இன்னும் கை வைக்காத பகுதியில், தண்டவாளத்துக்கு நடுவே கருவேலம் ஆள் உயரம் வளர்ந்து நிற்கிறது. ஐம்பது வருடமாக ரயில் ஓடாத பாதை. கருவேலத்திடம் யார் டிக்கெட் கேட்பது?

கையிருப்பு: டீசல் எஞ்சின் ஒன்று, பெட்டிகள் மூன்று, பாதை போடும் இயந்திரம் ஒன்று. இயந்திரத்துக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறேன். வெயில் ஏறினால் நின்றுவிடும். எண்ணெய் குறைந்தால் முறுக்கிக்கொள்ளும். கூட வந்த மூன்று பேரும் வெயில் தாக்கிப் படுத்துத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இப்போது மாப்பிள்ளையும் நானும்தான்.

இதைக் கண்டெடுப்பவர்கள் தெரிந்துகொள்ள: நெடுந்திடல் கடலோர ஊர். சாலையைக் கடல் தின்றுவிட்டது. கத்திரி வெயில் இப்போது ஆறு மாதம். மிஞ்சியிருக்கும் இருநூறு சொச்சம் பேரும் பகலெல்லாம் பழைய ஐஸ் கம்பெனிக்குள் கிடக்கிறார்கள். தடித்த சுவரும் தடித்த கூரையும் இருப்பதால் உயிரோடு இருக்கிறார்கள். தண்ணீர் தீர்வதற்குள் அவர்களை ஏற்றி வர வேண்டும். வேலை அவ்வளவுதான்.

வைகாசி 6, மாலை 6.30

ஊருக்கு இந்தப் பக்கம் ஓடைப்பாலம். தூண் இருக்கிறது, உத்திரம் இல்லை. யாரோ பழைய இரும்புக்குப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் மாற்று இரும்பு கிடையாது.

நெடுந்திடல் ஸ்டேஷனிலிருந்து வயர்லெஸ்ஸில் பேசுவது சிக்கந்தர். படகு எஞ்சின் பழுது பார்த்தவர். அவர் சொன்னது:

"அக்கா, ஐஸ் கம்பெனிக் கூரையில நல்ல உத்தரமா ஆறு கெடக்கு. பிரிச்சுக் கொண்டாந்து பாலத்துல போட்டுருவோம். வண்டிதான் வரப் போகுதே, பெறகு கூரை எதுக்கு?"

வெகுநேரம் யோசித்தேன். உத்திரம் இல்லாமல் பாலம் இல்லை, பாலம் இல்லாமல் வண்டி இல்லை. சரி என்றேன். நான் சொல்லும் நாளில் பிரித்தால் போதும் என்றும் சொன்னேன்.

வைகாசி 8, காலை 7.00

சொன்ன நாள்வரை பொறுக்கவில்லை. ஊரே கூடிப் பிரித்து, பாலத்தில் ஏற்றியும் விட்டார்கள். வேலை பழுதில்லை. ஆனால் ஐஸ் கம்பெனி இப்போது நான்கு சுவர் மட்டும். எல்லாரும் ஸ்டேஷனுக்குக் குடிவந்துவிட்டார்கள். அங்கே நடைமேடைமேல் ஓட்டை விழுந்த தகரம்தான் இருக்கிறது.

"இப்பவே துண்டு போட்டு எடம் புடிச்சிட்டாகக்கா. ஒரே சண்டை. சன்னல் சீட்டு வேணுமாம்!"

சிரித்தேன். பகல் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"நேத்து ரெண்டு பெருசு போயிருச்சுக்கா."

அவர்கள்மேல் கோபம் வந்தது. அவசரக் குடுக்கைகள். பிறகு என்மேல் வந்தது, அது இன்னும் போகவில்லை.

வைகாசி 9, பகல் 11.20

பாதை முடிந்தது, வண்டி நிற்கும் இடத்துக்குத் திரும்பிவிட்டேன். வெப்பம் 52. இந்தச் சூட்டில் தண்டவாளத்தில் வண்டி ஓட்டக் கூடாது. விடியலில் மட்டுமே ஓட்ட வேண்டும் என்பது இந்தப் பாதைக்கு நானே எழுதிய விதி. காலையில் இன்னும் நான்கு பேர் போய்விட்டதாகச் சிக்கந்தர் சொன்னார். ஒரு கைக்குழந்தையும் அதில் அடக்கம்.

கிளம்புகிறேன்.

பகல் 12.05

தண்டவாளம் என் கண்ணெதிரே நெளிந்தது. பிரேக் போட்டும் பயனில்லை. எஞ்சினின் முன்சக்கரங்கள் மணலில். பெட்டிகள் பின்னால் பத்திரமாக நிற்கின்றன. எனக்கு இடுப்பில் அடி, எழுந்து நிற்க முடியவில்லை. மாப்பிள்ளை வெயிலில் படுத்துவிட்டது. நெடுந்திடல் இன்னும் ஏழு கிலோமீட்டர்.

மாலை 5.15

ஒரே ஒரு வழி இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் அவர்கள் தண்டவாளத்தை ஒட்டி நடந்து வர வேண்டும். பெட்டிகளில் நிழலும் தண்ணீரும் இருக்கின்றன. ஜாக்கி வைத்து ஐம்பது பேர் கை கொடுத்தால் எஞ்சினைத் தூக்கி வைத்துவிடலாம். சிக்கந்தரிடம் சொன்னேன்.

"மாட்டேங்கிறாகக்கா. போன வருசம் பஸ்சு நிக்குது, நடந்து வாங்கன்னாக. நடந்தவுக ஒருத்தரும் திரும்பல. டேசனை விட்டுப் போனா எடமும் போயிரும்ங்கிறாக."

கெஞ்சினேன். என் தொழிலில் யாரையும் நான் கெஞ்சியதில்லை.

மாலை 6.00

"பாதிப் பேரு கெளம்பிட்டாக, புள்ளைகளத் தூக்கிக்கிட்டு. மிச்சப் பேரு துண்ட விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறாக. முடியாதவுக வேற கெடக்காக. அவுகளுக்காக நான் இங்கனயே இருக்கேன். பாட்டரி செத்துக்கிட்டு வருதுக்கா."

பாதி வந்தாலும் போதும். இன்றைக்கு முதல்முறையாகத் தண்ணீர் குடித்தேன்.

மாலை 6.50

புழுதிக் காற்று. நீட்டிய கை தெரியவில்லை. மணல் தண்டவாளத்தை மூடுகிறது. வழி தவறினால் ஒரு பக்கம் உப்பளச் சேறு, மறுபக்கம் கடல். பாதி வழியை நெருங்கியிருப்பார்கள்.

எஞ்சின் ஆரன் வேலை செய்கிறது. காற்று அவர்கள் பக்கம்தான் அடிக்கிறது. சத்தம் கேட்டால் நான் இருக்கும் திசை தெரியும். நீளமாக அடித்துக்கொண்டே இருக்கிறேன்.

இரவு 8.10

வயர்லெஸ்ஸில் சிக்கந்தர். பின்னால் பெரும் கூச்சல். யாரோ குலவை இடுகிறார்கள்.

"ஆரன் கேட்டுச்சுக்கா! நடந்து போனவுகளும் அடிச்சுப் புடிச்சுத் திரும்பி ஓடியாந்துட்டாக! வண்டி வந்துருச்சு, எடம் போயிரும்னு! எங்க வாரீக? பாலம் தாண்டிட்டீகளா?"

வரவில்லை, நடந்து வாருங்கள், நான் நகரவே இல்லை என்று கத்தினேன்.

"என்னக்கா? கேக்கல. எல்லாரும் கத்துறாக. சந்தோசத்துல..."

அதோடு வயர்லெஸ் நின்றது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

ஆண்டவரே, நான் என்ன செய்துவிட்டேன்.

வைகாசி 10, காலை

வெப்பம் 44. மணி பார்க்கவில்லை. காற்று நின்றது. பாதையில் ஒரு காலடித் தடம் இல்லை.

நான் போகிறேன். கம்பை ஊன்றினால் இன்று நிற்க முடிகிறது. கூட ஒரு கேன் தண்ணீர். ஏழு கிலோமீட்டர் முடியாது என்று தெரியும். இங்கே உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. ஒருவர் கண்ணில் பட்டால்கூடப் போதும். நடந்து வாருங்கள் என்று நேரில் சொல்ல வேண்டும்.

கண்டெடுப்பவர்களுக்கு. பெட்டிகளில் தண்ணீர் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரனை மட்டும் அடிக்காதீர்கள். யாராவது நடந்து வந்துகொண்டிருந்தால் திரும்பிப் போய்விடுவார்கள்.