பஞ்சுப் பக்கம் வெளியே

உப்பளத்தில் நீ வேலை பார்த்த மருந்தகத்திலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்திருக்கிறது. உன் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸ் அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாம். மூடியைத் திறந்ததும் காய்ந்த கடல்பாசி வாடை குப்பென்று அடித்தது. உள்ளே, புண்மேல் வைத்துக் கட்டும் நம் காயத்தாள் பதினோரு உறை. ஒவ்வோர் உறையின் மேலும் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் "இந்தப் பக்கம் புண்ணுக்கு" என்று என் கோழிக்கிறுக்கல். கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து நானே ஒவ்வொன்றாக எழுதியது. அந்த அம்புக்குறியை நீ பார்க்காமல் விட்டாயா, பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாயா என்பதுதான் இப்போது என் மண்டையைக் குடைகிறது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறியவள், ஆஸ்பத்திரி வாசல்வரைகூடப் போய்ச் சேரவில்லை. உன்னிடம் கேட்டிருக்க வேண்டியவை அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வருகின்றன. தும்பை விட்டு வாலைப் பிடிப்பதில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்பது உனக்குத் தெரியாததா.

விஷயம் இதுதான். காயத்தாளுக்குக் காப்புரிமை கேட்டுக் கல்லூரியும் நானுமாக விண்ணப்பிக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர் யார் என்று ஒரு கட்டம். என் பெயரை எழுதிவிட்டேன். அதற்கு மேலேயோ கீழேயோ உன் பெயரை எழுதுவதா, விடுவதா? மூன்று நாளாகப் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறேன். வகுப்பில் எவளாவது "தெரியலை மேடம்" என்றால் எரிந்து விழுகிறவள் நான். இப்போது என்னைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும்.

நாசரேத்து விடுதியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். நீ நர்சிங் போனாய், நான் வேதியியல் எடுத்தேன். இருபத்தைந்து வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என் வீட்டுக்கு வந்தாய். நான் வைத்த மீன் குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய். பிறகு கையைக்கூடக் கழுவாமல் கேட்டாய்: "ஏளா, நீ இம்புட்டுப் படிச்சு என்ன பிரயோசனம்? எங்க உப்பளத்துப் பொம்பளைய காலுக்கு ஒண்ணு கண்டுபிடிச்சுத் தரமாட்டியா?"

அந்தக் கால்களை மறுநாளே கொண்டுபோய்க் காட்டினாய். பாத்தியில் நின்று உப்பு வாரி வாரி, தோல் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு இறங்கி, ஆறாத புண்ணாகிப்போன கால்கள். இன்னொன்றையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். மருந்தகத்துக்கு அழுக்குக் காலோடு வரக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு மரியாதை. நல்ல தண்ணீர் குடம் குடமாக வண்டியில் வந்தால்தான் உண்டு. அதைக் காலில் கொட்ட யாருக்கு மனசு வரும்? வாய்க்காலில் ஓடும் உப்புத் தண்ணீரிலேயே காலை அலசிவிட்டுத்தான் படியேறுவார்கள். நீ கட்டுப் போட்டு அனுப்பினால் நேரே திரும்பப் பாத்திக்குள் இறங்குவார்கள். ஓய்வெடுக்கச் சொல்லிச் சொல்லி உன் வாய் வலித்ததுதான் மிச்சம்.

நான் இரண்டு வருடம் மெனக்கெட்டேன். கீழவைப்பார் கரையில் ஒதுங்கும் பாசியிலிருந்து பஞ்சு போன்ற நார் எடுத்து ஒரு பக்கம். இறால் ஓட்டிலிருந்து எடுத்த மெல்லிய படலம் மறுபக்கம். பாசிப் பக்கம் புண்மேல் இருக்க வேண்டும், அது கசிவை உறிஞ்சிக் களிபோல் ஆகிப் புண்ணை ஈரமாக வைத்திருக்கும். படலம் வெளியே இருந்து காவல் காக்கும். இது என் ஏற்பாடு. கல்லூரிக் குழுவின் அனுமதி வாங்கி, உன் மருந்தகத்தில் சோதித்துப் பார்ப்பதாக முடிவாயிற்று. உன்னை உட்காரவைத்து அரை மணி நேரம் விளக்கினேன். "சரிளா, சரிளா" என்று தலையாட்டினாய். பிறகு பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை என் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் கழித்துத்தான் வர முடிந்தது.

அன்றைக்கு நீ உப்பளத்துச் சண்முகக்கனி அக்காவுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாய். பெஞ்சில் இன்னும் நாலைந்து பெண்கள். நான் எட்டிப் பார்த்தேன். தாள் தலைகீழாக இருந்தது. படலம் புண்ணோடு, பஞ்சுப் பக்கம் வெளியே. என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்கு இப்போதும் கேட்கிறது.

"நீ படிச்சவதானே? அம்பு போட்டுக் கொடுத்தது கண்ணுக்குத் தெரியலையா?"

நீ நிமிரக்கூட இல்லை. "பஞ்சு புண்ணுல படக் கூடாதுன்னுதான எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாவ. பழகின கை, அப்படியே போட்டுட்டு" என்றாய்.

நம்பும்படியான பதில்தான். எந்த நர்ஸும் பஞ்சை நேரே புண்மேல் வைக்க மாட்டாள், நார் ஒட்டிக்கொள்ளும். என் தாளின் ஒரு முகம் பார்வைக்குப் பஞ்சு மாதிரியே இருக்கும். இருபத்தைந்து வருடமாக அதே வேலை செய்த கை, என் அம்புக்குறியைக் கேட்குமா? நானும் அதையே நம்பினேன். ஆனால் நீ கட்டைப் பிரித்துக் காட்டிய புண், ஓரமெல்லாம் சிவந்து மூடி வந்திருந்தது. பெஞ்சில் இருந்த மற்றவர்களின் கால்களும் அப்படியே. அதற்கு மேல் நான் என்ன சண்டை போட?

சண்டை போடவில்லை, எழுதினேன். அது அதைவிட மோசம். ஆய்வுக் குறிப்பேட்டில் அன்றைய தேதியில், "செவிலியரின் தவறு: தாள் தலைகீழாகப் போடப்பட்டுள்ளது" என்று எழுதி உன்னிடம் நீட்டினேன். விதிமுறை அது, பிசகு நடந்தால் பதிவுசெய்து கையெழுத்து வாங்க வேண்டும். நீ கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வாசித்தாய்.

"தவறுன்னு போட்டிருக்க."

"அது சும்மா ஒரு சொல்லுளா. ஆபீசுக்கு வேணும்."

"சரி, வச்சுக்கோ. ஆறுனதையும் எழுது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாய்.

ஆறினதையும் எழுதினேன். ஏன் ஆறியது என்பது பிறகுதான் விளங்கியது. உப்பளத் தண்ணீரை ஒரு கேனில் கொண்டுவந்து ஆய்வகத்தில் ஊற்றிப் பார்த்தேன். பாசி நாருக்கு உப்புப் பட்டால் போதும், களியாகிவிடும். என் ஏற்பாட்டின்படி உள்ளே வைத்தால், உப்பு ஊறிய காலில் இரண்டு மணி நேரத்தில் வழுவழுவென்று ஆகி நழுவிவிடும். வெளியே வைத்தாலோ, படலம் புண்ணோடு ஒட்டி நிற்கிறது; பாத்தித் தண்ணீர் பட்டதும் அதே நார் படலத்துக்கும் கட்டுத்துணிக்கும் நடுவே கெட்டிக் களியாகி உப்பு நுழையும் வாசலை அடைத்துக்கொள்கிறது. உப்பு வர வர அடைப்பு இறுகுகிறது. நான் பகையாக நினைத்த உப்பை நீ காவலுக்கு வைத்திருந்தாய். உலகத்துக் காப்புரிமைகளை எல்லாம் துழாவினோம். வெள்ளி கலந்த தாள், தேன் தடவிய தாள், மீன் தோலில் செய்தது, கசிவை உறிஞ்சி எடுக்கும் கருவி என்று என்னென்னவோ இருந்தன. இது இல்லை. எங்கள் விண்ணப்பத்தின் முதல் உரிமைக்கோரலே பஞ்சுப் பக்கம் வெளியே என்பதுதான்.

நீ உயிரோடு இருந்தபோது, தெரிந்துதான் திருப்பிப் போட்டாயா என்று உன்னிடம் இரண்டு தடவை கேட்டேன். ஒரு தடவை, "உப்பு வெளிய இருந்துதான வருது, கதவை வெளியதான சாத்தணும்" என்றாய். அடேயப்பா, தெரிந்துதான் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் களியைப் பற்றி நானே உனக்கு விளக்கியிருந்தேன். என் பாடத்தை எனக்கே ஒப்பித்தாயோ என்னவோ. இன்னொரு தடவை சிரித்துக்கொண்டே, "தெரிஞ்சு செஞ்சா என்ன, தெரியாம செஞ்சா என்ன, ஆறிட்டுல்லா?" என்றாய். நானும் சிரித்தேன்.

காப்புரிமை வக்கீலுக்கு அந்தச் சிரிப்பு உதவாது. சென்னையிலிருந்து போனில் பேசினார், சின்ன வயசு, தெளிவான குரல். "மேடம், மிஸ்டேக் பண்ணவங்க இன்வென்டர் ஆக மாட்டாங்க. கை தவறி நடந்ததை யார் கவனிச்சு, ஏன்னு கண்டுபிடிச்சாங்களோ அவங்கதான். அது நீங்க. அவங்க பேரைப் போட்டா, நோட்டுல தவறுன்னு அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்களேன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்பான். மொத்த அப்ளிகேஷனும் ஆட்டம் கண்டுரும்."

அவர் சொல்வது நியாயம்தான். நீ கை தவறியிருந்தால் என் பெயர் மட்டும் போதும். தெரிந்து செய்திருந்தால், உன்னுடையதை என்னுடையது என்று கையெழுத்திட்டுச் சொல்லப்போகிறேன். இரண்டில் எது என்று சொல்ல நீ இல்லை. பேசாமல் உன் பெயரை விட்டுவிடலாமா என்றும் தோன்றியது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

இவ்வளவும் எழுதி மூடி வைத்துவிட்டு நேற்று உப்பளத்துக்குப் போனேன். சண்முகக்கனி அக்கா பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து தூக்குவாளியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் காலை நீட்டிக் காட்டினாள். இரண்டு பாதத்திலும் தழும்பு மட்டும்தான்.

"அக்கா, முதல் முதல்ல சிஸ்டர் எந்தப் பக்கம் வச்சுக் கட்டுனாவ, ஞாபகம் இருக்கா?"

"எந்தப் பக்கமா? ரெண்டு பக்கமுந்தான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினாள். "முத நாளு நீங்க சொன்ன மாதிரிதான் ரெண்டு கால்லயும் வச்சாவ டீச்சரம்மா. சாயங்காலம் அவுத்துப் பார்த்தா, கஞ்சித் தண்ணி மாதிரி வடிஞ்சிட்டு. சிஸ்டரம்மா ரொம்ப நேரம் அதைக் கையில வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தாவ. மறுநாளு ஒரு கால்ல அப்படியும் ஒரு கால்ல இப்படியும் கட்டுனாவ. ஒரு வாரம். தெனமும் ரெண்டையும் அவுத்துப் பார்ப்பாவ. பெறவுதான் எல்லாருக்கும் இப்படியே போட்டாவ."

எந்தக் காலில் எது என்று கேட்டேன். அதை அவளால் சொல்ல முடியவில்லை. வலது என்றாள், பிறகு இடது என்றாள். அது போகட்டும். ஒரே ஆளின் இரண்டு காலில் இரண்டு விதம் கட்டி, நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்ப்பது கை தவறிச் செய்கிற காரியமா? என் மாணவிகளுக்கு நான் வருடக்கணக்காகக் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுக்கிற சோதனை முறை அது. ஒரு மருந்தக பெஞ்சில், யாரிடமும் சொல்லாமல் நீ அதைச் செய்து முடித்திருக்கிறாய்.

"அப்போ நான் சத்தம் போட்டன்னைக்கு ஏன் அக்கா யாருமே ஒண்ணும் சொல்லலை?"

அவள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். "சிஸ்டரம்மாதான் சொல்லக் கூடாதுன்னாவ. அவ கோவக்காரி, கேட்டா இன்னைக்கே நிறுத்திப்புடுவா. ஒங்க காலு எல்லாம் ஆறட்டும், பெறவு சொல்லிக்கிடுவோம்னாவ."

அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். கஞ்சியில் கொஞ்சம் எனக்கும் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

இன்று காலை படிவத்தை நிரப்பிவிட்டேன். முதல் வரியில் உன் பெயர், இரண்டாவதில் என் பெயர். உன் வாரிசாகக் கையெழுத்திட உன் மகள் ஒப்புக்கொண்டாள். குறிப்பேட்டில் அந்தப் பழைய வரியை நான் அடிக்கவில்லை, அடிக்கவும் கூடாது. அதற்குக் கீழே இன்றைய தேதி போட்டு, நேற்று கேட்டதை எல்லாம் எழுதி, "மேலே தவறு என்று எழுதியது என் தவறு" என்று கையெழுத்திட்டேன். போனில் சொன்னதும் வக்கீல் பதறிவிட்டார். விண்ணப்பம் நின்றாலும் நிற்கும், விழுந்தாலும் விழும் என்கிறார். ஆகட்டும்.

படிவம் முடிந்துவிட்டது, எனக்குத்தான் இன்னும் முடியவில்லை. கால்கள் எல்லாம் ஆறிய பிறகும் நமக்கு ஒன்றரை வருடம் இருந்தது. ஞாயிறுதோறும் என் வீட்டில் சாப்பிட்டாய். உன் சிநேகிதியின் அம்புக்குறி பிழை என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். என் மனசு நோகும் என்று விட்டாயா? பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டாயா? சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அலுத்துவிட்டாயா? ஒரு நேரம் ஒன்று சரியாகப் படுகிறது, அடுத்த நேரம் மற்றொன்று. என் மேல் கோபமாக வருகிறது, உன் மேலும்தான் வருகிறது. அழுகையும் கூடவே வருகிறது.

ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். அந்த முதல் வாரத்தில் நீ போன் செய்து, "ஏளா, திருப்பிப் போட்டுப் பார்க்கேன்" என்று சொல்லியிருந்தால், விதிமுறை தெரியுமா உனக்கு என்று சீறி, அன்றைக்கே தாளை எல்லாம் திருப்பி வாங்கி வந்திருப்பேன். சண்முகக்கனி அக்காவின் கால் ஆறியிருக்காது. என்னைப் பற்றி நீ அவர்களிடம் சொன்னது முழுக்கச் சரி. நிறுத்தியிருப்பேன்.